வால்டர் டீன் மையர்ஸ்: கேட்டதும் சொன்னதும்

அமெரிக்காவில் பதின்ம வயதினருக்காக எழுதி, அந்த நாவல்களுக்குள் சமூக அநீதியைக் கொண்டுவந்தவர்களில் நான் முதலில் சொல்லும் பெயர் வால்டர் டீன் மையர்ஸ். 1937-ல் பிறந்தார், 2014-ல் இறந்தார், நடுவில் நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்கள். அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நீங்களும் கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சில பதில்கள் நீளம், சிலது இரண்டே வரி, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சார், 'டீன்' என்பது அவருடைய குடும்பப் பெயரா? வளர்ப்புப் பிள்ளை என்றும் கேள்விப்பட்டேன்.

வளர்ப்புப் பிள்ளைதான், ஆனால் கதை கொஞ்சம் சுற்றிவளைத்தது. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் பிறந்தார், அப்போது பெயர் வால்டர் மில்டன் மையர்ஸ். நினைவு தெரிவதற்குள் அம்மா இறந்துவிட்டார். அப்பாவுக்கு அதற்கு முன்பே ஃப்ளாரன்ஸ் என்ற பெண்ணோடு திருமணமாகி, பிரிந்து, அந்தத் திருமணத்தில் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். ஃப்ளாரன்ஸ் பிறகு ஹெர்பர்ட் டீன் என்பவரை மணந்துகொண்டார். தன் மகள்களை அழைத்துப்போக வந்த அந்தத் தம்பதி, கூடவே இந்தச் சின்னப் பையனையும் தூக்கிக்கொண்டு, நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதிக்குப் போய்விட்டார்கள். முன்னாள் கணவருக்கு இன்னொரு பெண்ணிடம் பிறந்த குழந்தை! யோசித்துப் பார்த்தால் அதுவே ஒரு நாவல். எழுத்தாளர் ஆனபின் 'மில்டன்' என்பதை எடுத்துவிட்டு, வளர்த்தவர்களுக்கு மரியாதையாக 'டீன்' என்று வைத்துக்கொண்டார்.

ஃப்ளாரன்ஸ்தான் அவருக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது, அதுவும் தான் படிக்கும் காதல் கதைப் பத்திரிகைகளை வைத்து. ஹெர்பர்ட் நன்றாகக் கதை சொல்வார், பேய்க் கதைகள் விசேஷம். ஆனால் மகன் எழுதிய புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அது மையர்ஸுக்கு நீண்ட நாள் உறுத்தலாக இருந்தது. ஹெர்பர்ட் இறந்தபின் அவருடைய காகிதங்களைப் புரட்டியபோது, கையெழுத்து இருக்க வேண்டிய இடங்களில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடுகள் மட்டும் இருந்தன. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் மகனுக்குத் தெரிந்தது. பிற்காலத்தில் அவர் ஊர் ஊராகப் போய் வாசிப்பைப் பற்றி அவ்வளவு பிடிவாதமாகப் பேசினாரே, அதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கேள்வி: பள்ளியை முடிக்காதவர் என்கிறார்கள். அப்படியிருந்தும் எழுத்து எப்படி வந்தது?

பள்ளியில் இருந்தே வந்தது, அதுதான் வேடிக்கை. சின்ன வயதில் அவருக்குப் பேச்சு தெளிவாக வராது. மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள், இவர் அடிப்பார், அப்புறம் தலைமையாசிரியர் அறை. வகுப்பில் சத்தமாக வாசித்தே ஆக வேண்டும் என்ற நிலையில், தன் வாயில் வரக்கூடிய சொற்களை மட்டும் பொறுக்கித் தானே கவிதை எழுதி வாசிக்க ஆரம்பித்தார். நூலகப் புத்தகங்களைத் தெருப் பையன்கள் கண்ணில் படாமல் காகிதப் பையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோவாராம்.

ஸ்டைவசன்ட் என்ற, நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெயர்பெற்ற பள்ளியில் இடமும் கிடைத்தது. ஆனால் கல்லூரிக்கு அனுப்பும் வசதி வீட்டில் இல்லை என்று புரிந்ததும் மனம் விட்டுப்போய், வகுப்புக்குப் போகாமல் பூங்காவில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் படிப்பை நிறுத்திவிட்டு, பதினேழாவது பிறந்த நாளன்று ராணுவத்தில் சேர்ந்தார். அது 1954. அதற்குமுன் ஓர் ஆசிரியை அவரிடம், உனக்கு என்ன நடந்தாலும் எழுதுவதை மட்டும் விடாதே என்று சொல்லியிருந்தார். ராணுவம் முடிந்து தபால் ஆபீஸ், கட்டுமானம் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்துகொண்டிருந்த காலத்தில் அந்தப் பேச்சு திரும்ப நினைவுக்கு வந்து, இரவுகளில் எழுத உட்கார்ந்தார். கல்லூரிப் பட்டம் 1984-ல்தான் வாங்கினார், அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

கேள்வி: முதல் புத்தகம்?

கறுப்பினக் குழந்தைகளைப் பற்றிய புத்தகங்கள் குறைவாக இருக்கின்றன என்று ஓர் அமைப்பு 1968-ல் போட்டி நடத்தியது. அதில் ஜெயித்த கதை அடுத்த வருடம் படப் புத்தகமாக வந்தது. பிறகு பாப்ஸ்-மெரில் பதிப்பகத்தில் சில வருடம் பதிப்பாசிரியர் வேலை. 1975-ல் முதல் இளையோர் நாவல். பதிப்பக வேலை போனபின் முழுநேர எழுத்து. இதை ஒரு வீர முடிவு என்று சொல்ல மாட்டேன், வேலை போனது, எழுத்து கையில் இருந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, 'மான்ஸ்டர்' படித்தேன். நாவலை ஏன் சினிமாத் திரைக்கதை மாதிரி எழுதியிருக்கிறார்? முதலில் எரிச்சலாக இருந்தது.

எரிச்சல் வர வேண்டும். படிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: ஸ்டீவ் ஹார்மன், 16 வயது, ஹார்லெம் பையன், பள்ளியில் திரைப்பட வகுப்பில் இருப்பவன். ஒரு மருந்துக்கடைக் கொள்ளையில் கடைக்காரர் கொல்லப்படுகிறார். உள்ளே போலீஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னவன் ஸ்டீவ் என்பது குற்றச்சாட்டு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களின் சட்டத்தில், கொள்ளை மாதிரி ஒரு பெருங்குற்றம் நடக்கும்போது யாராவது செத்தால், அதில் பங்கெடுத்த எல்லோர் மீதும் கொலைப் பழி விழும், சுட்டவன் யார் என்பது இரண்டாம் பட்சம். ஆக, கடைக்குள் போய் வந்ததாகச் சொல்லப்படும் பையனும் கொலை வழக்கில் நிற்கிறான். சிறையில் இருந்துகொண்டு தன் வழக்கையே திரைக்கதையாக எழுதுகிறான், நடுநடுவே கையெழுத்தில் நாட்குறிப்பு.

வடிவம் வந்த விதம் சுவாரஸ்யமானது. மையர்ஸ் சிறைகளுக்குப் போய்க் கைதிகளோடு நிறையப் பேசினவர். தங்கள் சின்ன வயதைச் சொல்லும்போது 'நான், நான்' என்று சொல்பவர்கள், குற்றத்தைச் சொல்லும் இடத்தில் தங்களையே தள்ளி வைத்து, வேறு யாருக்கோ நடந்ததுபோலப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தார். ஸ்டீவும் அதைத்தான் செய்கிறான். நாட்குறிப்பில் அழுகிறான், திரைக்கதைக்குள் வந்ததும் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். உங்களுக்கு வந்த எரிச்சல் அவன் உங்களைத் தூரத்தில் நிறுத்துவதால் வருவது. இன்னொரு முறை அந்த நோக்கில் படித்துப் பாருங்கள், க்ளோசப் போடும் இடங்களும் காட்சியைச் சட்டென்று வெட்டும் இடங்களும் எவ்வளவு சந்தேகத்துக்குரியவை என்று தெரியும்.

1999-ல் வெளியானது. தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. இளையோர் இலக்கியத்துக்கான மைக்கேல் பிரின்ட்ஸ் விருதை 2000-ல் முதன்முதலாகக் கொடுத்தபோது அதைப் பெற்றதும் இந்த நாவல்தான்.

கேள்வி: அப்போ ஸ்டீவ் குற்றவாளியா இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

(படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போங்கள், முடிவைச் சொல்லப் போகிறேன்.)

நேராகச் சொல்ல முடியாதபடிதான் எழுதியிருக்கிறார். தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி அவனை விடுவிக்கிறது. சந்தோஷத்தில் தன் வழக்கறிஞர் ஓ'பிரையனைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டுகிறான், அவர் விறைத்துத் திரும்பிக்கொள்கிறார். அவர் எதைப் பார்த்துத் திரும்பினார் என்பதுதான் கடைசிவரை ஸ்டீவுக்கும் நமக்கும் கேள்வி. என் கருத்தைக் கேட்டால், அன்று அவன் கடைக்குள் போனான், ஏன் போனான் என்பதைத் தனக்கே சொல்லிக்கொள்ளத் துணியவில்லை. ஆனால் இதை வைத்து நான் சண்டை போட மாட்டேன், நாட்குறிப்பில் எனக்கு எதிரான வரிகளும் இருக்கின்றன.

மையர்ஸின் அரசியல் எனக்குத் தெளிவாகத் தெரிவது இங்கேதான். அப்பாவிப் பையனை அநியாயமாகப் பிடித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தால் நாம் சுலபமாகக் கண்ணீர் விட்டுவிட்டுப் போயிருப்போம். இவர் கேட்பது கஷ்டமான கேள்வி: பையன் ஏதோ தப்பு செய்திருக்கிறான் என்றே வைத்துக்கொள், அதனால் அவனை 'மான்ஸ்டர்', அதாவது மிருகம் என்று அழைக்கலாமா? நீதிமன்றத்துக்குள் நுழையும்போதே அவன் நிறத்தைப் பார்த்து ஜூரியில் பாதிப் பேர் முடிவு செய்திருப்பார்கள் என்று அவனுடைய வழக்கறிஞரே நினைக்கிறார். வாசகரையும் அந்த ஜூரி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார் மையர்ஸ்.

கேள்வி: நான் ஆசிரியை. துப்பாக்கி, கொலை, கெட்ட வார்த்தை எல்லாம் இருக்கும் புத்தகங்களைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது சரியா?

டீச்சர், இந்தக் கேள்வியை அமெரிக்காவில் பள்ளி நிர்வாகங்களும் பெற்றோரும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார்கள். 1988-ல் வந்த அவருடைய வியட்நாம் போர் நாவல் 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்', அதிகமாக எதிர்ப்புக்கு உள்ளான புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியல்களில் தொண்ணூறுகளிலும் இருந்தது, அதற்கடுத்த பத்தாண்டிலும் இருந்தது. முக்கியப் புகார் வசைச் சொற்கள். பதினேழு பதினெட்டு வயதுப் பையன்கள் செத்து விழும் கதையில் கெட்ட வார்த்தைதான் கண்ணில் படுகிறது என்றால் நான் என்ன சொல்ல.

அந்த நாவலுக்குப் பின்னால் சொந்தத் துக்கம் இருக்கிறது. ராணுவத்தில் சேர்ந்த அண்ணனைப் பார்த்துத் தம்பி சானியும் சேர்ந்தான். 1968 மே மாதம் வியட்நாமில் கொல்லப்பட்டான். இருபது வருடம் கழித்து அந்த நாவலைத் தம்பிக்குச் சமர்ப்பித்தார். கதாநாயகன் ரிச்சி பெர்ரி கல்லூரிக்குப் போக வசதியில்லாத ஹார்லெம் பையன், அதனால்தான் போருக்குப் போகிறான். யாருடைய பிள்ளைகள் முன்வரிசையில் நிற்கிறார்கள் என்பதை இதைவிடச் சத்தமில்லாமல் சொல்ல முடியாது.

உங்கள் கேள்விக்குப் பதில்: கொடுக்கலாம், ஆனால் கொடுத்துவிட்டுக் கைகழுவாதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு அவர்களோடு பேசுங்கள். தயக்கம் இருந்தால் 'ஸ்கார்ப்பியன்ஸ்' கொடுங்கள். பன்னிரண்டு வயது ஜமாலின் அண்ணன் சிறையில், கூட்டாளிகள் துப்பாக்கி ஒன்றை ஜமால் கையில் திணிக்கிறார்கள். அமெரிக்காவின் முக்கியமான சிறார் இலக்கிய விருதான நியூபெரியின் கௌரவம் பெற்ற நாவல். அதில் துப்பாக்கியைவிட ஜமாலுக்கும் அவன் நண்பன் டிட்டோவுக்கும் உள்ள நட்புதான் மனதை அறுக்கும்.

கேள்வி: எல்லாப் புத்தகமும் நல்லவையா? புகழ்ந்துகொண்டே போகிறீர்கள்.

இல்லை. நூறு புத்தகம் எழுதினால் எல்லாம் எப்படி நன்றாக இருக்கும்? சிலவற்றில் முடிவு அவசரமாகக் கட்டப்பட்டிருக்கும், சிலவற்றில் பெரியவர்கள் வந்து உபதேசம் செய்துவிட்டுப் போவார்கள். பெண் பாத்திரங்கள் பல நாவல்களில் ஓரமாகவே நிற்பார்கள், இது எனக்கு நெடுநாள் குறை. ஈராக் போரைப் பற்றி 2008-ல் எழுதியது (ரிச்சி பெர்ரியின் சகோதரர் மகன்தான் அதில் நாயகன்) நல்ல நாவல்தான், ஆனால் வியட்நாம் நாவல் பக்கத்தில் வைத்தால் மங்கும்.

கேள்வி: 93 என்ற எண்ணை இவரோடு சேர்த்து அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

2014 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் அவர் எழுதிய கட்டுரையில் வந்த எண். 2013-ல் அமெரிக்காவில் வந்தவற்றில் விஸ்கான்சின் பல்கலைக்கழக மையம் ஒன்று கணக்கெடுத்த சிறார் புத்தகங்கள் சுமார் 3,200, அவற்றில் கறுப்பின மக்களைப் பற்றியவை 93. சிறுவனாக ஆசை ஆசையாகப் படித்த புத்தகங்களில் தன்னைப் போன்றவர்கள் இல்லவே இல்லை என்று வளர வளர உணர்ந்ததையும், கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் ஒரு சிறுகதையில் ஹார்லெமைப் பார்த்ததும் தன் தெருவைப் பற்றி எழுதலாம் என்ற அனுமதியே கிடைத்ததுபோல் இருந்ததையும் அதில் சொல்கிறார். கூடவே இன்னொரு கோணமும் உண்டு: கறுப்பினப் பிள்ளைகளைக் கதைகளில் சந்திக்காமலே வளரும் வெள்ளையர்தான் நாளைக்கு அவர்களுக்கு வேலை கொடுக்கும் இடத்திலும் கடன் கொடுக்கும் இடத்திலும் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள். அதே நாளில் அதே பத்திரிகையில் அவர் மகன் கிறிஸ்டஃபர் மையர்ஸும் இதைப் பற்றி எழுதினார்.

ஜூலை 1-ல் மையர்ஸ் இறந்துவிட்டார். அந்த வசந்தத்தில் தொடங்கிய, பலதரப்பட்ட பிள்ளைகளின் கதைகள் வேண்டும் என்ற இயக்கம் பிறகு அவர் பெயரிலேயே ஒரு விருதை நிறுவியது, 2016 முதல் கொடுக்கிறார்கள்.

கேள்வி: நானும் எழுதுகிறேன். அவருடைய வேலை முறை என்ன?

ஒரு நாளைக்கு ஐந்து பக்கம். முடிந்ததா, எழுந்துவிடு. முன்கூட்டியே கதையின் வரைவைப் போட்டுக்கொள்வார், பாத்திரங்களுக்குப் பொருந்தும் முகங்களைப் பத்திரிகைகளில் இருந்து வெட்டிச் சுவரில் ஒட்டிவைப்பார், அதில் மனைவி கான்ஸ்டன்ஸுக்கும் பங்கு உண்டு. உத்வேகத்துக்காகக் காத்திருக்கும் ஆள் இல்லை. ஆனால் ஐந்து பக்கத்தை மட்டும் பார்த்துக் காப்பியடிக்காதீர்கள் தம்பி, அவர் சிறைகளிலும் சிறார் காப்பகங்களிலும் உட்கார்ந்து பையன்கள் பேசுவதைக் கேட்டதையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அந்த உரையாடல்கள் வீட்டு மேசையில் இருந்து வந்தவை அல்ல.

கேள்வி: அரசாங்கம் ஏதோ தூதர் பதவி கொடுத்ததாமே?

ஆமாம், 2012, 2013 இரண்டு வருடமும் இளையோர் இலக்கியத்துக்கான தேசியத் தூதர். நாடாளுமன்ற நூலகம் சேர்ந்து நடத்தும் பொறுப்பு, அதை வகித்த முதல் கறுப்பின எழுத்தாளர். மற்றவர்கள் வாசிப்பு இன்பம், வாசிப்பு சாகசம் என்று பேசுவார்கள், இவர் போய் வாசிப்பு கட்டாயம், அது இல்லாமல் இந்தக் காலத்தில் பிழைக்க முடியாது என்றார். சிலருக்கு அது கடுமையாகப் பட்டது. சிறையில் எத்தனை பேருக்குச் சரியாகப் படிக்க வரவில்லை என்று நேரில் பார்த்தவர் வேறெப்படிப் பேசுவார்?

கேள்வி: எதில் ஆரம்பிக்கலாம்? 'மான்ஸ்டர்' படம் பார்த்தால் போதாதா?

போதாது. படம் 2018-ல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு 2021-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. நடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் ஸ்டீவ் எழுதும் படத்தை நாம் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதே நாவலின் விளையாட்டு, அதை உண்மையிலேயே படமாக்கினால் பாதி போய்விடுகிறது. 'மான்ஸ்டர்' முதலில், அடுத்து 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்', அப்புறம் 2001-ல் வந்த அவருடைய தன்வரலாறு 'பேட் பாய்'. தன்வரலாற்றை முதலிலேயே எடுக்காதீர்கள், நாவல்களைப் படித்துவிட்டுப் போனால்தான் எந்தப் பையன் எங்கிருந்து வந்தான் என்று கண்டுபிடிக்கும் சுகம் கிடைக்கும்.