இங்கிலாந்தில் விவாகரத்து: "நிதி உத்தரவு வேண்டுமா?" என்ற கேள்விக்கு என்ன பதில் போடுவது?

உங்கள் நிலைமை எனக்குப் புரிந்தவரை இது: சண்டை இல்லாமல் பேசிப் பிரிகிறீர்கள். ஆன்லைன் விண்ணப்பத்தில் நிதி உத்தரவுக்கும், அதாவது பணம், வீடு, பென்ஷனை எப்படிப் பிரிப்பது என்ற கோர்ட் உத்தரவுக்கும், விண்ணப்பிக்கிறீர்களா என்று கேட்கிறது. 'இல்லை' என்று போட்டால் சீக்கிரம் முடியுமா?

முடியாது. 'ஆம்' என்றே போடுங்கள். நானும் லண்டனில் இதே படிவத்தை நிரப்பியவள்தான். 'ஆம்' போட்டால் கூடுதல் கட்டணம் கிடையாது, பண வழக்கு எதுவும் தானாகத் தொடங்காது. கேட்கும் உரிமையை விடவில்லை என்று பதிந்து வைக்கிறீர்கள், அவ்வளவுதான். கோர்ட் நிஜமாகவே பணப் பங்கீட்டைக் கையில் எடுக்க வேண்டுமானால் பிறகு 'ஃபார்ம் ஏ' என்று தனியாக ஒன்று போட வேண்டும்.

அந்த டிக்கின் அருமை மறுமணத்தின்போது தெரியும். 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்கூட்டியே விண்ணப்பிக்காமல் மறுமணம் செய்துகொண்டவர், அதன் பிறகு முன்னாள் துணையிடம் மொத்தமாக ஒரு தொகையோ அவர் பெயரில் உள்ள வீட்டில் பங்கோ கேட்க முடியாது. டிக் இருந்தால் தப்பித்தீர்கள். ஆனால் விவாகரத்துக்கு விண்ணப்பித்தவருக்குத்தான் இந்த வசதி. எதிர்த்தரப்பில் இருப்பவர் மறுமணத்துக்கு முன் ஃபார்ம் ஏ போட்டாக வேண்டும். இதை உங்கள் கணவரிடமும் சொல்லிவிடுங்கள், சுமுகமாகத்தானே பிரிகிறீர்கள்.

விவாகரத்து கையில் கிடைத்ததும் எல்லாக் கணக்கும் தீர்ந்தது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். டேல் வின்ஸ் என்பவரின் வழக்கைப் பாருங்கள். 1992இல் விவாகரத்து ஆனபோது இருவரிடமும் காசு இல்லை. அப்புறம் அவர் காற்றாலை மின்சாரத்தில் கோடீஸ்வரர் ஆனார். 2011இல் முன்னாள் மனைவி பணம் கேட்டு வந்தார். வழக்கை நடத்தலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைசியில் 3 லட்சம் பவுண்டுக்குச் சமரசம்.

அதனால் டிக்கோடு நிற்காமல், பேசி முடித்ததைச் 'சம்மத உத்தரவாக', அதாவது கோர்ட் ஒப்புதல் தந்த உத்தரவாக, ஆக்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பம் பதிவாகி 20 வாரம் கழித்து, விவாகரத்தின் முதல் கட்ட உத்தரவான கண்டிஷனல் ஆர்டர் கேட்கலாம். அது வந்த பிறகுதான் நீதிபதி சம்மத உத்தரவில் கையெழுத்திடுவார். இனி ஒருவரிடம் ஒருவர் எதுவும் கேட்பதில்லை என்ற 'கிளீன் பிரேக்' வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். எழுதிக் கொடுக்க மட்டும் ஒரு சொலிசிட்டரை வைத்துக்கொள்ளுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். கூடவே 'டி81' படிவத்தில் இருவர் வருமானம், வீடு, கடன், பென்ஷன் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். ஊரில் உங்கள் பெயரில் மனை இருந்தால் அதுவும் கணக்கில் வரும். "அது அப்பா கொடுத்தது, இங்கே எதற்கு?" என்று மறைக்காதீர்கள். மறைத்தது பிற்பாடு வெளிவந்தால் உத்தரவே ரத்தாகலாம். பென்ஷன் கம்பெனியிடம் மதிப்பு கேட்டு இன்றே எழுதிப் போடுங்கள், அவர்கள் ஆற அமரத்தான் அனுப்புவார்கள்.

பேச்சு முறிந்து கோர்ட்டுக்குப் போனால் 'ஃபார்ம் ஈ' என்ற பெரிய படிவம் வரும். ஒரு வருட பேங்க் ஸ்டேட்மென்ட், 500 பவுண்டுக்கு மேல் பெறும் ஒவ்வொரு பொருளும் அதில் வேண்டும். இன்றைய தங்க விலைக்கு நம் நகைகளில் மூக்குத்தி வேண்டுமானால் தப்பும்.

இன்னொன்று. கண்டிஷனல் ஆர்டர் வந்து 6 வாரம் கழிந்ததும், திருமணத்தை முடித்துவைக்கும் ஃபைனல் ஆர்டர் கேட்கலாம் என்பதற்காக உடனே கேட்காதீர்கள். சம்மத உத்தரவு முத்திரையோடு வரட்டும். பென்ஷன் பங்கீட்டு உத்தரவு வருவதற்குள் ஃபைனல் ஆர்டர் வாங்கி, கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நீங்கள் சட்டப்படி அவருடைய விதவை இல்லை. விதவைக்கான பென்ஷனும் கிடைக்காது, பங்கும் கிடைக்காது.

இதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்காட்லாந்தில் இருக்கிறீர்கள் என்றால் சட்டமே வேறு. அங்கே விவாகரத்து தீர்ப்பாகும் முன்பே பணத்தைக் கேட்டுவிட வேண்டும்.