அவளுக்கு என்ன வேண்டும்?
வாசகர் கேள்வி – பதில்: அனிமேயின் மோகினிகள்

கேள்வி: யப்பானிய அசைவுப்படமான அனிமேயில் ஆண்களைச் சுற்றிவிடும் அழகிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தொடர் முடிந்து ஒரு மாதம் போனால் பலருடைய பெயர்கூட ஞாபகம் வருவதில்லை. ஃபுஜிக்கோ, ஃபே போன்ற ஒரு சிலர் மட்டும் மனதில் தங்கிவிடுகிறார்கள். காரணம் அழகா, உடையா, குரலா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அந்த மூன்றும் நீங்கள் மறந்துபோன பெண்களிடமும் இருந்தவைதானே. ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள். கதாநாயகனைக் கதையிலிருந்து தூக்கிவிட்டு, நாளைக் காலை இவள் எழும்பி எங்கே போவாள் என்று கேளுங்கள். ஃபுஜிக்கோ ஏதாவதொரு பெட்டகத்தைத் தேடிப் போவாள். ஃபே சூதாட்ட மேசைக்குப் போவாள், இல்லாவிட்டால் கடன்காரருக்குப் பயந்து ஓடுவாள். மற்றவர்களுக்குப் போக இடமில்லை. நாயகன் வரும்வரை கதவில் சாய்ந்து நிற்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை.

மினே ஃபுஜிக்கோ, மங்கி பஞ்ச் என்ற ஓவியர் 1967இல் தொடங்கிய, லூப்பன் என்ற திருடனைப் பற்றிய மங்காவிலிருந்து (யப்பானியச் சித்திரக்கதை) வந்தவள். தொலைக்காட்சிக்கு வந்தது 1971இல். அவள் காலை வாருவாள் என்பது லூப்பனுக்கும் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும். அதனால் ‘ஏமாற்றுவாளா?’ என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. எந்த இடத்தில், எதை வைத்து என்பதுதான் மிச்சம். அரை நூற்றாண்டாக அலுக்காமல் ஓடுவது இந்த ஒரு மாற்றத்தால்தான். இன்னொன்று, அவள் அடிக்கடி வெல்கிறாள். கடைசியில் எப்போதும் தோற்று அழுகிற மோகினியை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

ஃபே வலண்டைன் விஷயத்தில் பார்க்கவேண்டியது வரிசை. ‘கவ்போய் பீபொப்’ 1998இல் வந்த 26 அத்தியாயத் தொடர். 3ஆம் அத்தியாயத்தில் சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடும் பெண்ணாக வருகிறாள், கடன் கழுத்தை நெரிக்கிறது. 12ஆவதில் கூட்டாளிகளின் பெட்டகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறாள். 15ஆவதில்தான் அவள் 54 ஆண்டுகள் உறைநிலையில் கிடந்தவள், நினைவு முழுக்க இழந்தவள், கண் விழித்ததே கடனுக்குள்தான் என்று தெரிகிறது. 18ஆவதில் ஒரு பழைய பீட்டாமக்ஸ் வீடியோ நாடா வருகிறது. அதைப் போட்டுப் பார்க்கும் இயந்திரத்துக்காகக் கூட்டாளிகள் ஸ்பைக்கும் ஜெட்டும் பூமியின் இடிபாடுகளுக்குள் இறங்கி, முதுகு முறியத் தூக்கிவந்தால் அது வீஎச்எஸ், அந்த நாடா அதில் ஓடாது! (பழைய வீடியோக் கடைகளைக் கண்டவர்களுக்கு இந்தப் பகிடி கொஞ்சம் கூடுதலாக இனிக்கும்.) பிறகு வேறு வழியில் இயந்திரம் கிடைத்து நாடா ஓடுகிறது. சின்ன வயது ஃபே, பெரியவளாகப்போகும் தன்னை உற்சாகப்படுத்திக் கைகொட்டி ஆடுகிறாள். பெரியவளுக்கோ அந்தப் பிள்ளையை ஞாபகமே இல்லை. முதலில் துரோகம், காரணம் வெகுநேரம் கழித்து. இதே சோகத்தை 3ஆம் அத்தியாயத்தில் அழுது சொல்லியிருந்தால் நாம் அவளுக்காக இரங்கியிருப்போம், அவ்வளவுதான். 12ஆவதில் நமக்குக் கோபம் வந்திருக்காது. கோபப்பட்டவர்களுக்குத்தான் 18ஆவது சுடும்.

ஒரே பெண்ணை இரண்டு விதமாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’ லஸ்ட்டைப் பாருங்கள். ஒரே கதை 2003இலும் 2009இலும் இரண்டு தொடர்களாக வந்தது. இரண்டிலும் அதே கறுப்பு உடை, அதே நீளும் நகங்கள். 2009 தொடரில் அவள் தன்னைப் படைத்தவனின் ஆயுதம். ஹவொக் என்ற இராணுவ அதிகாரியைக் காதலிப்பதுபோல நடித்து உளவெடுக்கிறாள், 19ஆம் அத்தியாயத்தில் அவனுடைய மேலதிகாரி மஸ்டாங்கின் நெருப்பில் முடிகிறாள். 2003 தொடரிலோ அவளுக்கு மனுஷியாக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அந்த ஆசைக்காகத் தன் எசமானியையே எதிர்க்கிறாள். மரணக் காட்சி என்று பார்த்தால் 2009க்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. ஆனால் பாத்திரமாக நிற்பவள் 2003 லஸ்ட்தான் என்பது எங்கள் கட்சி.

கேள்வி: ஆணை மயக்கி அழிக்கும் பெண்ணுக்கு ‘ஃபெம் ஃபதால்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும்? தமிழில் நீலி இருக்கிறாள், விஷகன்னி இருக்கிறாள்.
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: அழவேண்டியதில்லை. ஆனால் நீங்கள் சொன்ன இருவரும் பொருந்தமாட்டார்கள். பழையனூர் நீலி தனக்கு நடந்த ஒரு கொலைக்குக் கணக்குத் தீர்க்க வந்தவள். கணக்குத் தீர்ந்தால் கதை முடிந்தது. விஷகன்னி அரசன் ஏவிவிடும் கருவி, அவளுக்கென்று ஒரு விருப்பமும் இல்லை. மேலே சொன்ன 2009 லஸ்ட் அந்த வகை. ‘மோகினி’ ஓரளவு கிட்ட வரும் என்பதால் தலைப்பில் வைத்தோம். சரியான உதாரணம் வேண்டுமென்றால் கல்கியின் நந்தினி. மூடுபல்லக்கில் வருகிறாள். அதே பல்லக்கில் ஒருநாள் வேறொரு ஆள் ஒளிந்து வருகிறார். திரைக்குப் பின்னால் இருப்பது அழகா, சதியா என்று வாசகருக்கு ஒருபோதும் நிச்சயமில்லை.

யப்பானியருக்கும் சொந்தமாக ஒரு சொல் உண்டு: ‘தொக்குஃபு’, நச்சுப் பெண். தகஹாஷி ஒதென் என்ற பெண் கொலைக் குற்றத்துக்காக 1879இல் தலை வெட்டப்பட்டாள். அதே ஆண்டிலேயே அவளைப் பற்றிய கதைகள் அச்சில் வந்துவிட்டன. 1940களின் அமெரிக்கக் கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்கள் வருவதற்கு வெகுமுன்பே அங்கே இந்தப் பாத்திரத்துக்குச் சந்தை இருந்திருக்கிறது.

கேள்வி: ‘மிராய் நிக்கி’ யூனோவும் ஃபெம் ஃபதால்தானே?
(வாசகர், தெஹிவளை)

பதில்: இல்லை. யூனோ ‘யன்டெரே’. காதல் முற்றிக் கத்தி எடுப்பவள். அவளுக்கு வேண்டியது அந்தப் பையன் ஒருவனே. ஃபெம் ஃபதாலுக்கு அந்தப் பையன் வழியில் இருக்கிற ஒரு கதவு.

கேள்வி: ‘செயின்சோ மேன்’ மக்கிமா சத்தமாகக்கூடக் கதைப்பதில்லை. கவர்ச்சியாக உடுப்பதும் இல்லை. அப்படியிருக்க ஏன் பயமாக இருக்கிறது? (நான் 2022 தொடர் மட்டும்தான் பார்த்தேன், மிச்சத்தைச் சொல்லிவிடாதீர்கள்.)
(வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: சொல்லமாட்டோம். முதற்காரணம் தொழில்நுட்பம். அனிமே நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடினாலும் பெரும்பாலும் ஒரு படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்துவார்கள், அதாவது நொடிக்கு எட்டுப் படம். பேசும் வாய்க்கு வழக்கமாக மூன்றே வடிவம்: மூடியது, அரைத் திறப்பு, முழுத் திறப்பு. இந்தச் சிக்கனத்தை மறைக்கத்தான் மற்றப் பாத்திரங்களுக்குத் தலையாட்டல், மயிர் அசைவு, கண் சிமிட்டல் எல்லாம் சேர்க்கிறார்கள். மக்கிமாவுக்கு அவற்றைச் சேர்க்காமல் விட்டால் போதும். எல்லாரும் அசைகிற அறையில் ஒருத்தி மட்டும் அசையாமல் நின்றால் கண் அவளிடம்தான் போகும். போதாததற்கு அந்த மஞ்சள் கண்களில் வளையத்துக்குள் வளையம். எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று பிடிபடாது.

இரண்டாவது காரணம் எழுத்தில் இருக்கிறது. பட்டினி கிடந்த கதாநாயகன் டென்ஜிக்கு அவள் முதலில் கொடுப்பது சாப்பாடு. இல்லை என்று சொல்லும் நாய் தனக்குத் தேவையில்லை என்று சொல்வதும் அதே இதமான குரலில்தான். அன்பு எது, கட்டளை எது என்று அவனுக்குப் பிரிக்கத் தெரியாது. நமக்குத் தெரிகிறது, ஆனால் அவனைத் தடுக்க முடியாது. தொடரை முடித்துவிட்டதால் ரயில் காட்சியிலிருந்து மறுபடி ஒருமுறை பாருங்கள். அவள் எதைக் கேட்கிறாள் என்பதைவிட, எதற்கு ஆச்சரியப்படாமல் இருக்கிறாள் என்பதைக் குறித்துக்கொண்டே போங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகச் சஞ்சிகைக்கு 12 பக்கச் சித்திரக்கதை வரைகிறேன். செட்டியார் தெருவில் ஒரு நகை அடகுக் கடை. ஒரு அழகி வந்து, வேலைக்கு நிற்கும் பெடியனை மயக்கி, நகையை அடித்துக்கொண்டு போகிறாள். முதல் பக்கத்திலேயே அவளை முழுப்பக்கத்துக்கு வரைந்திருக்கிறேன். வாசித்த நண்பர்கள் “படம் நல்லா இருக்கு” என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். என்ன பிழை?
(வாசகர், மட்டக்குளி)

பதில்: முழுப்பக்கப் படத்தைக் கழற்றி வையுங்கள், கிழிக்கவேண்டாம். கடைசிப் பக்கத்துக்குத் தேவைப்படும்.

முதல் பக்கத்தில் முகமே வேண்டாம். கை, ஒரு வளையல், மின்தராசு. தராசில் 15.6. பெடியன், “பதினைஞ்சரைக் கிராம் சொச்சம், மிஸ்.” அவள், “பதினாறு. உங்கட தராசு ஃபேனுக்குக் கீழ இருக்கு, தம்பி.” அடுத்த கட்டத்தில் ஃபேன் நிற்கிறது. அதற்கடுத்ததில் தராசு 16.00, சரியாக இரண்டு பவுண். கடைத் தராசைக் காற்று ஆட்டும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரிகிறது என்பதை வாசகர் முகத்துக்கு முன்னால் பார்த்துவிடவேண்டும். ‘தம்பி’ என்ற சொல்லைக் கடைசிவரை மாற்றாதீர்கள். தான் வேறு ஏதோ என்று அவனே நினைத்துக்கொள்ளட்டும். மயக்கம் அவன் பக்கத்தில் நடக்கிற வேலை.

2ஆம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்: கண்ணாடி அலமாரியில் ஒரு பழைய அட்டியல், கண்ணாடியில் அவள் நிழல். வசனம் இல்லை. முதல் வாசிப்பில் யாரும் கவனிக்கக்கூடாது, அதனால் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போகாதீர்கள்.

3 முதல் 7 வரை நம்பிக்கை வளர்க்கும் பக்கங்கள். முதல் முறை ஒரு வளையல் அடகு வைத்து, ஒரு கிழமையில் வட்டியோடு மீட்கிறாள். இரண்டாம் முறை இரண்டு. மூன்றாம் முறை ஆறு. பெடியனின் சோதனை ஒவ்வொரு முறையும் குறையவேண்டும். முதலில் உரைகல், அமிலம், தராசு. பிறகு உரைகல், தராசு. கடைசியில் தராசு மட்டும். அந்தக் கடைசி ஆறும் பொன் முலாம் பூசிய செம்பு.

இங்கேதான் பல கதைகள் சறுக்கும். 22 கரட் பொன்னின் அடர்த்தி 17க்கு மேல், செம்பு சுமார் 9. ஒரே அளவில் செய்தால் செம்பு வளையல் பாதி நிறைதான் வரும், தராசிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே அசல் வளையல் உள்ளே வெறுமையான குழாய் வளையலாக இருக்கவேண்டும். போலியை அதே வெளியளவில், உள்ளே தடிப்பாகச் செய்தால் நிறை ஒத்துவரும். தராசுக்கு வித்தியாசம் தெரியாது. 3ஆம் பக்கத்தில் பெடியன் வளையலை நகத்தால் தட்டிப் பார்க்கிற ஒரு கட்டம் போட்டுவையுங்கள். 11ஆம் பக்கத்தில் முதலாளி அதே மாதிரித் தட்டும்போது ஓசை வேறாக இருக்கட்டும்.

அடுத்தது, அவளுக்கு என்ன வேண்டும்? உங்கள் கதையில் ‘நகை’ என்று மட்டும் இருக்கிறது. அந்த அட்டியல் அவளுடைய தாய் அங்கே அடகு வைத்து, மீட்க முடியாமல் மூழ்கிப்போனது என்று வைத்துப் பாருங்கள். 8ஆம் பக்கத்தில் அவள் கைப்பையில் மடித்து மஞ்சளான அடகுத் துண்டு ஒன்று. விளக்கம் வேண்டாம், பழைய திகதி தெரிந்தால் போதும். 9இல் ஆறு வளையலுக்கு வாங்கிய காசை அதே மேசையில் எண்ணி வைத்து அட்டியலை விலைக்கு வாங்குகிறாள். கடையின் காசு, கடையின் நகை. 10இல் பற்றுச்சீட்டு எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குகிறாள். திருடிக்கொண்டு ஓடுவதைவிட இது பத்து மடங்கு திமிர்.

11இல் பெடியனின் வேலை போகிறது. அது அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாமல் செய்தாள் என்று தப்பவிட்டால் அவள் நல்ல பிள்ளையாகிவிடுவாள். 10ஆம் பக்கத்திலேயே அவள், “நீர் இந்தக் கடையில நெடுகலும் நிக்கமாட்டீர், தம்பி” என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வான். 12இல் உங்கள் முழுப்பக்கப் படம்: கழுத்தில் அட்டியல், கையில் வளையல் இல்லை. உதட்டுச் சிரிப்பை அழித்துவிடுங்கள்.

கேள்வி: கொஸ்பிளேக்கு மக்கிமா வேடம் போட விருப்பம். செலவு குறைவாக எப்படி?
(வாசகி, வத்தளை)

பதில்: வெள்ளைச் சேட், கறுப்பு டை, கறுப்பு நீளக் காற்சட்டை, பெரும்பாலும் அலுமாரியிலேயே இருக்கும், இல்லாததைப் புறக்கோட்டையில் பார்க்கலாம். சேட் முழுப் பருத்தியாக இருந்தால் கொழும்பு வெக்கையில் அரை மணித்தியாலத்தில் கசங்கிவிடும், கலப்புத் துணி எடுங்கள். டையின் நுனி பெல்ட்டைத் தொடவேண்டும். குறைந்தால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆகிவிடும். பணத்தை விக்கில் போடுங்கள். வெளிர்சிவப்பு, முதுகில் இறங்கும் ஒற்றைப் பின்னல். முன்மயிரைத் தலையில் போட்டபடி, தேவையைவிட இரண்டு விரல் நீளம் விட்டு, கத்தரிக்கோலை நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சங்கொஞ்சமாக வெட்டுங்கள். குறுக்கே ஒரே வெட்டாக வெட்டினால் தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்ததுபோல வரும். மஞ்சள் கண் லென்சை மலிவாக வாங்கிப் போடவேண்டாம், கண் வைத்தியரிடம் அளவு பார்த்தபிறகுதான். லென்ஸ் இல்லாமலே சமாளிக்கலாம்: கைகளைப் பின்னால் கட்டி, படம் எடுப்பவர் “சிரியுங்கோ” என்று சொன்னபிறகும் மூன்று நொடி அசையாமல் நில்லுங்கள்.

கேள்வி: என் 13 வயது மகன் ஃபுஜிக்கோ தொடரைப் பார்க்கவேண்டும் என்கிறான். விடலாமா?
(தாய், கொழும்பு 6)

பதில்: எந்தத் தொடர் என்று கேளுங்கள், அம்மா. 2012இல் யமமோத்தோ சாயோ இயக்கிய, ஃபுஜிக்கோவையே மையமாக வைத்த 13 அத்தியாயத் தொடர் பெரியவர்களுக்கானது. நிர்வாணக் காட்சிகள் உண்டு. நல்ல தொடர்தான், அவனுக்கு இன்னும் சில வருடம் போகட்டும். இப்போதைக்கு மியசாக்கி இயக்கிய 1979 லூப்பன் திரைப்படம், ‘கக்லியொஸ்ட்ரோ கோட்டை’, போதும். 100 நிமிடம், குடும்பத்தோடு பார்க்கலாம். அதில் ஃபுஜிக்கோ கோட்டைக்குள் பணிப்பெண் வேடத்தில் இருக்கிறாள். முன்கூட்டிச் சொல்லாமல் விட்டு, மகன் எந்த இடத்தில் அவளைக் கண்டுபிடிக்கிறான் என்று பாருங்கள்.