அபிகெயில் மட்டும்தானா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகத்தைப் போன வாரம் படித்து முடித்தேன். காட்டில் ஆடியதை மறைக்க அபிகெயில் என்ற பெண் சொல்லும் பொய், கடைசியில் ஊராரைச் சூனியக்காரர்கள் ஆக்கித் தூக்குமேடைக்கு அனுப்பிவிடுகிறது. வேலைக்காரியாக இருந்த ஒரு பெண்ணின் பொய்க்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? அவளோ மாமாவின் பணப்பெட்டியை உடைத்து எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். அவளுக்கு ஒரு தண்டனையும் இல்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

இன்னொன்று. சூனியப் பழி சுமத்தப்பட்ட விவசாயி ப்ராக்டர், குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துவிட்டுச் சாகப் போகிறாரே, ஏன்? வாயால் ஒப்புக்கொண்டாகிவிட்டது. வெறும் தாளில் என்ன இருக்கிறது? பிள்ளைகளுக்காகவாவது உயிரோடு இருந்திருக்கலாமே.

ம., திருச்சி

*

அன்புள்ள ம.,

அபிகெயில் மேல் உங்களுக்குக் கோபம் வரவேண்டும் என்றுதான் மில்லர் எழுதியிருக்கிறார். அங்கேதான் எனக்கு அவரோடு கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

இந்தச் சூனிய விசாரணைகள் நிஜமாகவே நடந்தவை. 1692-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் காலனியில், சேலம் என்ற கிராமத்தில் இருந்த நிஜ அபிகெயில் வில்லியம்ஸுக்கு வயது 11 அல்லது 12. ஜான் ப்ராக்டர் 60 வயதை ஒட்டிய விவசாயி. இருவருக்கும் நடுவில் உறவு இருந்ததாக எந்த ஆவணமும் சொல்லவில்லை. மில்லர் அவள் வயதை 17 ஆக ஏற்றினார், ப்ராக்டரின் வயதை முப்பதுகளுக்கு இறக்கினார், நடுவில் ஒரு கள்ள உறவை வைத்தார். வயதை ஏற்றியதை நாடகத்தின் முன்குறிப்பில் அவரே சொல்லிவிடுகிறார். மேடைக்கு இது நன்றாக வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதனால் நாமும் குற்றவாளியை ஒரு பெண்ணின் பொறாமைக்குள் தேட ஆரம்பித்துவிடுகிறோம். அநியாயப் பழியைப் பற்றிய நாடகமே ஒரு சிறுமியின் தலையில் கூடுதல் பழியை ஏற்றி வைத்திருக்கிறது.

சரி, பொய்க்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் அங்கத்தின் கடைசியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். டிட்டுபாவை விசாரிக்கும் இடம். அவள் அபிகெயிலின் மாமாவான பாதிரியார் பாரிஸ் வீட்டு அடிமை. தனக்கும் சாத்தானுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் முதலில் சொல்கிறாள். ஒப்புக்கொள்ளாவிட்டால் சாகும்வரை சாட்டையடி என்கிறார் பாரிஸ். தூக்கில் போட வேண்டும் என்கிறார் ஊர்ப் பணக்காரர் தாமஸ் புட்னம். அப்புறம்தான் அவள் ஒப்புக்கொள்கிறாள். சாத்தானோடு யார் யார் வந்தார்கள் என்று கேட்கிறார்கள். அவளுக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. அப்போது சேரா குட், ஆஸ்பர்ன் என்று பெயர்களை எடுத்துக் கொடுப்பவர் யார்? புட்னம். கேட்கிற பெரிய மனிதரே பதிலையும் தருகிறார். அதே பெயர்களை டிட்டுபா திருப்பிச் சொன்னதும் அவளைச் சுற்றியிருந்த மிரட்டல் ஆசீர்வாதமாக மாறிவிடுகிறது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற அபிகெயில் அதற்குப் பிறகுதான் எழுந்து கத்த ஆரம்பிக்கிறாள். இந்த ஊரில் எந்தப் பேச்சுக்கு மதிப்பு என்பதை அவள் அந்தச் சில நிமிடங்களில் கற்றுக்கொண்டாள்.

கடுமையான மதக் கட்டுப்பாடுள்ள கிறிஸ்தவப் பிரிவான பியூரிட்டன்களின் அந்த ஊரில், பெற்றோர் இல்லாத ஒரு பெண்பிள்ளையின் சொல்லுக்குச் சாதாரண நாளில் சல்லிக்காசு மதிப்பில்லை. அந்தச் சொல் தேவைப்பட்டவர்கள் இருந்ததால்தான் அது விலைபோனது. பாரிஸுக்குச் சம்பளத்திலும் விறகுக் காசிலும் ஊரோடு தகராறு. புட்னமுக்கு நிலத்தின் மேல் கண். சூனியக் குற்றத்தில் தூக்கிலேறுகிறவனின் சொத்து பறிபோகும், அதை வாங்கப் பணமுள்ள ஒரே ஆள் புட்னம்தான் என்று கைல்ஸ் கோரி என்ற முதிய விவசாயி நீதிமன்றத்திலேயே சொல்கிறார். தகவல் தந்தவரின் பெயரைச் சொல்ல மறுத்ததற்காக, நீதிமன்ற அவமதிப்பு என்று அவரைக் கைது செய்ததுதான் மிச்சம்.

எனக்கு இந்த நாடகத்தில் மிகவும் முக்கியமானவள் மேரி வாரன். ப்ராக்டர் வீட்டு வேலைக்காரி, பழி சொன்ன பெண்களில் ஒருத்தி. நீதிமன்றத்தில் மயங்கி விழுந்தது நடிப்பு என்று அவள் ஒப்புக்கொண்டதும், இப்போது ஒரு தடவை மயங்கிக் காட்டு என்கிறார்கள். அவளால் முடியவில்லை. ஏன் என்று கேட்டால் அவள் சொல்வதன் சாரம் இது: மற்றப் பெண்கள் கத்தினார்கள், நீங்களும் அதை நம்புவதுபோல் இருந்தீர்கள், எல்லாரும் ஆவி ஆவி என்றார்கள், எனக்கும் பார்த்ததுபோல் இருந்தது. நேராக நீதிபதியைப் பார்த்துச் சொல்கிறாள். பொய் பெண்களின் வாயில் ஆரம்பித்திருக்கலாம், அதற்கு உடம்பு கொடுத்தது நீதிபதியின் முகம். நீதிபதி டான்ஃபோர்த்துக்கு அது புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை.

அவருடைய தர்க்கத்தையும் கவனியுங்கள். சூனியம் கண்ணுக்குத் தெரியாத குற்றம். அதற்குச் சாட்சி சூனியக்காரியும் பாதிக்கப்பட்டவளும் மட்டுமே. சூனியக்காரி தன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். ஆகவே பாதிக்கப்பட்டவள் சொல்வதுதான் சாட்சி, வக்கீலுக்கு அங்கே வேலையே இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் ஓட்டை தெரியாது. 1692-ல் நிஜமாகவே இப்படித்தான் நடந்தது. உங்கள் உருவம் ராத்திரி வந்து என்னைக் கிள்ளியது என்று ஒருத்தி சொன்னால், நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்ற பதில் செல்லாது. வந்தது உங்கள் ஆவிதானே! 71 வயதான ரெபெக்கா நர்ஸைக் குற்றமற்றவர் என்றே ஜூரிகள் முதலில் சொன்னார்கள். நீதிபதிகள் மறுபடி யோசிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

அதைவிடக் கொடுமை ஒப்புதலுக்கு வைத்த விலை. சாத்தானோடு சேர்ந்தேன் என்று ஒப்புக்கொண்டு அதில் உறுதியாக நின்றவர்களை அந்த வருடம் தூக்கிலிடவில்லை. தூக்கிலேறிய 19 பேரும் நாங்கள் செய்யவில்லை என்றவர்கள். அதில் ஒருவர் முதலில் ஒப்புக்கொண்டு பிறகு வாபஸ் வாங்கியவர். விசாரணைக்கு உட்படவே மறுத்த கைல்ஸ் கோரியை மேலே கல்லை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். பொய் சொன்னால் உயிர், உண்மை சொன்னால் கயிறு.

க்ரூசிபிள் என்றால் தட்டான் பொன்னை உருக்கும் மூசை. இங்கே எரியும் தீயில் எந்த ஒளிவுமறைவும் உருகிவிடும் என்று டான்ஃபோர்த் மிரட்டுவார். அந்த மூசையில் விழுபவள் ப்ராக்டரின் மனைவி எலிசபெத். என் மனைவி வாழ்நாளில் பொய் சொன்னதில்லை என்று ப்ராக்டர் சத்தியம் செய்திருக்கிறார். தன் கள்ள உறவையும் மானத்தை விட்டு ஒப்புக்கொண்டுவிட்டார். அது எலிசபெத்துக்குத் தெரியாது. உள்ளே அழைத்து, உன் புருஷன் நெறிதவறியவனா என்று கேட்கிறார்கள். கணவனைக் காப்பாற்ற, இல்லை என்கிறாள். அவள் வாழ்க்கையின் ஒரே பொய். அந்த நீதிமன்றம் மறுபேச்சில்லாமல் நம்புவது அதைத்தான்.

கடைசி அங்கத்தில் அபிகெயில் 31 பவுண்டோடு ஓடிப்போனது டான்ஃபோர்த்துக்குத் தெரிந்துவிடுகிறது. தூக்கைத் தள்ளிப்போடுங்கள் என்று பாதிரியார் ஹேல் கெஞ்சுகிறார். இதே குற்றத்துக்காக ஏற்கெனவே 12 பேரைத் தூக்கிலிட்டாயிற்று, இனி இவர்களை எப்படி மன்னிப்பது என்கிறார் டான்ஃபோர்த். பொய் இப்போது பெண்களிடம் இல்லை. அது நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ப்ராக்டரின் தாளும் அதற்குத்தான் வேண்டியிருந்தது. அவர் வாயால் சொன்னதை அங்கே இருந்த நாலு பேர் கேட்டார்கள். கையெழுத்திட்ட தாளைத் தேவாலயக் கதவில் அடித்தால், ஊரே மதிக்கும் மனிதர் ஒப்புக்கொண்டார், ஆகவே மற்றவர்களும் குற்றவாளிகளே என்றாகிவிடும். கூடவே மற்றவர்களின் பெயரையும் கேட்கிறார்கள். அவர் தரவில்லை. பிள்ளைகளுக்காக என்று நீங்கள் கேட்பது நியாயம்தான், ஹேலும் ஏறக்குறைய அதைத்தான் கேட்கிறார். ஆனால் தன் பெயரைக் கொடுத்து நண்பர்களின் தூக்குக்குச் சாட்சி ஆனவரின் பெயரைத்தானே அந்தப் பிள்ளைகள் சுமக்க வேண்டும்?

பெயர் கேட்கும் இந்த இடத்தை மில்லர் 1692-லிருந்து மட்டும் எடுக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அப்போது கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்தது. மில்லரின் முந்தைய நாடகங்களை இயக்கிய எலியா கசான் 1952-ல் அந்தக் குழுவின் முன் பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னார். குழுவுக்கு அந்தப் பெயர்கள் ஏற்கெனவே தெரியும். சொல்லவைப்பதுதான் சடங்கு. நாடகம் 1953 ஜனவரியில் நியூயார்க்கில் மேடையேறியது. 1956-ல் அதே குழு மில்லரையே கூப்பிட்டது. தன்னைப் பற்றிப் பேசினார், மற்றவர்களின் பெயரைச் சொல்ல மறுத்தார். அவமதிப்புக் குற்றம் என்று 1957-ல் தீர்ப்பு வந்து, 1958-ல் மேல்முறையீட்டில் ரத்தானது. எழுதிய காட்சிக்குள் எழுதியவரே போய் நிற்க நேர்ந்தது அபூர்வம்தான்.

அபிகெயிலுக்குத் தண்டனை இல்லை என்று வருந்துகிறீர்கள். பழி சொன்ன பெண்களில் ஒருத்தியான ஆன் புட்னம், 1692-ல் அவளுக்கு 12 வயது, 1706-ல் சபையின் முன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். நீதிபதிகளில் சாமுவேல் சூவல் 1697-லேயே அப்படிக் கேட்டார். நாடகத்தின் டான்ஃபோர்த் பல நீதிபதிகளின் கலவை. நிஜத்தில் அந்த நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ஸ்டவுட்டன் மன்னிப்பே கேட்கவில்லை. பிற்பாடு அந்தக் காலனியின் பொறுப்பு ஆளுநராகவும் ஆகி, பதவியில் இருந்தபடியே 1701-ல் இறந்தார். உங்கள் கோபத்தில் அவருக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.