நெஞ்செரிச்சல் மாத்திரையை நிறுத்தினாலே திரும்ப வந்துவிடுகிறது. வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா?

மூன்று வருடமாகப் போடுகிறேன், நிறுத்தினால் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் ஒரே நாளில் அடியோடு நிறுத்தியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் மூன்று முறை நிறுத்தினேன்.

முதல் முறை, யாரோ கிட்னி போய்விடும் என்று பயமுறுத்தியதால் அட்டையோடு குப்பையில் போட்டேன். ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி, மூச்சு முட்டி எழுந்தேன். விடியும் வரை சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தேன். நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தேன். "உன் உடம்புக்கு அது இல்லாம ஆகாது" என்றார்கள் வீட்டில். நானும் நம்பினேன்.

இரண்டு வருடம் கழித்துப் பார்த்த ஒரு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "மாத்திரையை எப்போ போடுறீங்க?" ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது என்றேன். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகளை அடைப்பவை. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அவற்றால் அடைக்க முடியும். அதை ஓட வைப்பது சாப்பாடு. அதனால் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டு வருடமாக இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சீட்டில் ஒரு கிறுக்கல் இருந்திருக்கலாம், வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற வருத்தம் இன்றும் போகவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமிலத்தை மாதக்கணக்கில் அடக்கி வைத்தால், அதைச் சுரக்கச் சொல்லும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடிப்போகிறது. மருந்தைத் திடீரென்று எடுத்தால் சில வாரங்களுக்கு முன்பைவிட அதிகமாக அமிலம் சுரக்கும். டென்மார்க்கில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு 8 வாரம் இந்த வகை மருந்தைக் கொடுத்து நிறுத்தினார்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் எரிச்சல், அஜீரணம், எதுக்களிப்பு என்று ஏதாவது தொந்தரவு வந்தது. ஆக, நிறுத்தியதும் எரிவதை மட்டும் வைத்து நோய் அப்படியே இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

எனக்கு 40 மில்லிகிராமை 20 ஆக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்தார்கள். நடுவில் எரிந்தால் அமில முறிவு மருந்து மட்டும். இரண்டாவது, மூன்றாவது வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. கூடவே ராத்திரிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் தள்ளினேன். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. மரக்கட்டைகள் வைத்தேன். தலையணையை அடுக்காதீர்கள், வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும். முதல் வாரம் காலையில் பார்த்தால் நான் கட்டிலின் கால்மாட்டில் கிடப்பேன், விரிப்பு முழுவதும் பாதத்துக்கடியில் சுருண்டிருக்கும். பிறகு பழகிவிட்டது. இடதுபக்கம் சாய்ந்து படுப்பதும் உதவியது. காபியை மூன்று வாரம் விட்டுப் பார்த்தேன், எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. எண்ணெயில் பொரித்ததும் தாமதமாகச் சாப்பிடுவதும்தான் எனக்கு எதிரி. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

நான் ஆசிரியை. அமிலம் குரல்வளை வரை வந்து, காலையில் குரலே எழும்பாது. வகுப்புக்கு ஒரு மைக் கேட்டேன். "டென்ஷனைக் குறைங்க மேடம், எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். கத்திக் கத்தியே ஒரு வருடம் பாடம் நடத்தினேன். உடம்பில் எது வந்தாலும் டென்ஷன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், அதுவும் சொல்வது பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நீங்கள் இதைக் கேட்கவில்லை, தெரியும். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாத்திரையே விஷம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர்கள், பாரெட் மாற்றம் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்படலம் மாறிப்போவது) இருப்பவர்கள், அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள், அப்படிக் கசியும் ஆபத்தோடு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தொடர்ந்து போட வேண்டியிருக்கும், அவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. என் எண்டோஸ்கோபியில் புண் இல்லை, அதனால்தான் எனக்குக் குறைத்தார்கள்.

நீங்கள் எண்டோஸ்கோபி எடுத்ததாக எழுதவில்லை. எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டோடு போய், குறைக்கலாமா என்று நேராகக் கேளுங்கள். விழுங்கும்போது சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, கறுப்பு மலம், ரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் குறைக்கும் பேச்சை விட்டுவிட்டு முதலில் பரிசோதனைக்குப் போங்கள். நெஞ்சு வலி கை, தாடைக்குப் பரவி வியர்த்தால் கேஸ் என்று நினைத்து வீட்டில் உட்காராதீர்கள், உடனே இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.