மகாகாளியின் இரு கரைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நேபாளக் காடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பூட்டானில் 70 சதவீதம் காடு, நேபாளத்தில் 45, இந்தியாவில் 21 சொச்சம்தான். குட்டி நாடுகளால் முடிவது நம்மால் ஏன் முடியவில்லை? சட்டம் போதவில்லையா, மக்களுக்கு அக்கறை இல்லையா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

சதவீதத்தை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். பூட்டானின் மக்கள்தொகை எட்டு லட்சத்துக்கும் குறைவு. உங்கள் கோவை மாநகராட்சியில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். என்றைக்கும் 60 சதவீதம் காடு இருக்க வேண்டும் என்று 2008 அரசியலமைப்பில் எழுதிவைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் எழுதும்போதே கையில் அதைவிட அதிகம் இருந்தது. நம் கணக்கு வேறு மாதிரி. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து சதவீதம் மரநிழல் விழுந்தால் அது காட்டுப்பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்று கேட்பதில்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகூட அதில் சேர்ந்துவிடும்.

ஒப்பிடுவதானால் மகாகாளி ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். மேற்கே உத்தராகண்டில் நம் குமாவுன் மலைப்பகுதி, கிழக்கே நேபாளம். இரண்டு பக்கமும் அதே மலை, அதே ஓக், அதே பைன்.

குமாவுனில் ஆங்கிலேயர்கள் காட்டை எடுத்துக்கொண்டு பிசினுக்காகவும் தண்டவாளக் கட்டைக்காகவும் பைனை வளர்த்தார்கள். மாட்டுக்குத் தழையும் அடுப்புக்கு விறகும் தரும் ஓக்தான் ஊர்க்காரர்களுக்கு வேண்டியிருந்தது. 1921இல் பைன் காடுகளைக் கொளுத்தினார்கள். அரசு இறங்கி வந்தது. 1931இல் வன பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. ஊரே தன் காட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு, நேபாளத்துக்குப் பல பத்தாண்டுகள் முன்பே நம் கரையில் இருந்தது! இன்றும் உத்தராகண்டில் பல்லாயிரம் வன பஞ்சாயத்துகள் உண்டு. ஆனால் 1976 விதிகளுக்குப் பிறகு வனத்துறையின் பிடி இறுகிக்கொண்டே வந்தது.

நேபாளம் தலைகீழ். 1957இல் தனியார் காடுகளை அரசு எடுத்துக்கொண்டது. காவல் காக்க ஆள் இல்லை. யாருடையதும் இல்லாத காட்டை எல்லோரும் வெட்டினார்கள். வேறு வழியில்லாமல் 1978இல் பஞ்சாயத்துகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1993 வனச் சட்டம்தான் திருப்பம். எந்தெந்த வீடுகள் ஒரு காட்டை உண்மையில் பயன்படுத்துகின்றனவோ, அந்த வீடுகளே சேர்ந்து ஒரு பயனர் குழு. நிலம் அரசுடையது, ஒப்புக்கொண்ட திட்டப்படி வெட்டலாம், விற்கலாம். பணம் குழுவின் கணக்கில் நிற்கும், கால் பங்கையாவது காட்டுக்கே செலவழிக்க வேண்டும். இன்று 22,000க்கு மேற்பட்ட குழுக்கள். 1992இல் 26 சதவீதமாக இருந்த காடு 2016இல் 45 ஆனது என்று நாசா உதவியுடன் நடந்த செயற்கைக்கோள் ஆய்வு சொல்கிறது.

இதைக் கேட்டு உடனே நேபாளத்துக்குச் சிலை வைத்துவிட வேண்டாம். குழுக்களுக்கு முதலில் கிடைத்தது பெரும்பாலும் மொட்டையாகிப்போன மலைச்சரிவுகள்தான். தெற்குச் சமவெளியான தராயில் விலையுயர்ந்த சால் மரக் காடுகளைக் குழுக்களிடம் கொடுக்க அரசுக்கு மனம் வரவில்லை. அப்புறம் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போன இளைஞர்கள். அவர்கள் அனுப்பும் பணம் வந்ததும் ஆடுமாடு குறைந்தது, மேட்டு வயல்கள் தரிசாகின. காடு தானாகவே இறங்கி வந்தது, கூடவே குரங்கும் சிறுத்தையும். எனக்கு உறுத்துவது இன்னொன்று: குழுக்கள் காட்டைப் பூட்டியபோது முதலில் அடிபட்டவர்கள் கரி இல்லாமல் உலை மூட்ட முடியாத காமி கொல்லர்கள். தலித்துகள். குழுக் கூட்டத்தில் அவர்கள் குரல் எடுபடவில்லை.

சரி, உங்கள் கேள்வி. நம்மிடம் 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் அது நேபாளச் சட்டத்தைவிடப் பலமானது என்றே நினைக்கிறேன். அங்கே அதிகாரி கொடுப்பது, இங்கே கிராம சபையின் உரிமை. அக்கறைக்கும் குறைவில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்ற கோண்டு கிராமம் 2009இல் தன் காட்டுக்கான சமூக உரிமையை வாங்கியது. ஆனால் தன் மூங்கிலை விற்று வெளியே அனுப்ப அனுமதிச் சீட்டு வேண்டுமே? அதை வனத்துறை விடவில்லை. 2011 ஏப்ரலில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மாநில முதல்வரோடு ஊருக்கே வந்து சீட்டுப் புத்தகத்தைக் கொடுத்த பிறகுதான் மூங்கில் நகர்ந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மத்திய அமைச்சரை எங்கே போய்த் தேடுவது?