சிஎன்சி புரோகிராமராக விரும்பும் மகன்: கோர்ஸுக்குக் காசு கட்டுவதற்கு முன்

உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படித்த மகன், பிளாஸ்டிக் மோல்ட் (அச்சு) செய்யும் இடத்தில் சிஎன்சி, அதாவது கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டும் மெஷினுக்குப் புரோகிராமராக வேண்டும், அதற்கு வெட்டும் பாதையைக் கணினியில் போடும் மாஸ்டர்கேம் மென்பொருள் கோர்ஸுக்குக் காசு கட்டுங்கள் என்று கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம்பி அனுப்பக்கூடிய தொழில்தான். காசை மட்டும் இப்போதே கட்டிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டு வாளி, போத்தல் மூடி, சுவிட்ச் பெட்டி எல்லாமே உருக்கில் செதுக்கிய மோல்டுக்குள் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி எடுத்தவை. வெளிவடிவம் தரும் பாதி கேவிட்டி, உள்வடிவம் தரும் பாதி கோர். இவற்றைச் செதுக்க எந்தக் கட்டர், எந்தப் பாதையில், என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பவர் புரோகிராமர். கணினியில் பாதை போடச் சில மாதங்களில் பழகிவிடலாம். எங்கே பிழைக்கும் என்று முன்கூட்டியே கண்ணில் படுவதற்கு வருடங்கள் பிடிக்கும்.

100 மி.மீ. அகலமான மூடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். 1.8 சதவீதம் என்று கணக்கு வைத்தால் கேவிட்டியை 101.8 மி.மீ.க்கு வெட்ட வேண்டும். ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கின் சுருக்கம் சுமார் 0.5 சதவீதம்தான்; அதற்கு 100.5 போதும். பிறகு பீ-20 என்ற மோல்ட் உருக்கில் முதல் வெட்டு, 0.5 மி.மீ. மிச்சம் விட்டு, அடுத்த வெட்டில் அதைக் குறைத்து, கடைசியில் 6 மி.மீ. உருண்டைமுனைக் கட்டரை 0.2 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால், கோடுகளுக்கிடையே நிற்கும் மேடு 2 மைக்ரோனுக்கும் (மைக்ரோன் என்பது மி.மீ.இல் ஆயிரத்தில் ஒன்று) குறைவு. நேரம் மிச்சமென்று இடைவெளியை 0.4 ஆக்கினால் மேடு நான்கு மடங்காகும். அந்த நேரம் முழுவதும் பொலிஷ் பண்ணுபவரின் தலையில்தான் விழும்.

புதியவர்கள் அடிக்கடி கெடுப்பது, இரண்டு பாதியும் வந்து மூடும் விளிம்பை. உருண்டைமுனை விளிம்பைத் தாண்டும்போது சுற்றி இறங்கி, கத்திபோல் இருக்க வேண்டிய ஓரத்தை மழுக்கிவிடும். பிறகு மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் மெல்லிய தோலாகப் பிதுங்கும். ஃபிளாஷ் என்பது அதுதான். விளிம்புக்கு அப்பாலும் மேற்பரப்பை நீட்டிவைத்துப் பாதை போட்டால் இது வராது. வந்துவிட்டால் வெல்ட் வைத்து மறுபடி வெட்ட வேண்டும். 1 மி.மீ. அகலமும் 15 மி.மீ. ஆழமுமான ரிப் (பொருளுக்குப் பலம் தரும் மெல்லிய விலா) போன்ற இடத்தில் கட்டர் நடுங்கி உடையும். அதற்கு அந்த வடிவில் செம்புத் துண்டு ஒன்றை, அதாவது எலக்ட்ரோட் செய்து, மின்பொறியால் உருக்கை அரிக்கும் ஸ்பார்க் மெஷினில் எரிக்க வேண்டும். தீப்பொறி இடைவெளி பக்கத்துக்கு 0.1 என்றால் எலக்ட்ரோட் 0.8 மி.மீ.

இன்னொன்று: கட்டர் நீளத்தைச் சொல்லும் ஜி43 என்ற கட்டளை வரியில், எந்தக் கட்டரின் நீளம் என்று காட்டும் எச் எண் மாறினால், கட்டர் உருக்குக்குள் நேராக இறங்கிவிடலாம். அதனால் முதல் ஓட்டத்தை சிங்கிள் பிளொக்கில் (ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும்), வேகத்தைக் குறைத்து, கட்டர் நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்ட் பட்டனில் விரலை வைத்தபடி பார்ப்பார்கள். இதெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்றால்தான் உடம்பில் ஏறும்.

ஆகவே முதலில் நைட்டா என்ற அரச தொழிற்பயிலுநர் அதிகாரசபை மூலமோ நேரடியாகவோ மோல்ட் வேலைத்தளமொன்றில் பயிலுநராகச் சேரட்டும். இரத்மலானை, மொறட்டுவைப் பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். மொறட்டுவை ஜேர்மன் டெக் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் என்ன பயிற்சிகள் இருக்கின்றன என்றும் கேளுங்கள். என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டத்தைக் குறிவையுங்கள், 5, 6 என்று டிப்ளோமா வழியே மேலே போகலாம். மாஸ்டர்கேம் கோர்ஸ், நுண் அளவு பார்க்கும் மைக்ரோமீற்றர் கையில் பழகிய பிறகு வரட்டும். அப்போது அதன் பெறுமதியும் கூடும்.

சிங்களம் பேச வராது என்றால் இன்றே தொடங்குங்கள். வேலைத்தளத்தில் அறிவுறுத்தல் பெரும்பாலும் சிங்களத்தில், வரைபடம் ஆங்கிலத்தில். வெள்ளவத்தையிலேயே வளர்ந்த பிள்ளைக்கும் இது தடங்கலாவதுண்டு.

சேர்க்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மகன் எந்த மெஷினில், எத்தனை மாதம் நிற்பான்? ஸ்பார்க் மெஷினும் பெஞ்ச் வேலையும் (கையால் ராவிப் பொருத்துவது) காட்டுவார்களா? மோல்டை, பிளாஸ்டிக்கைச் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் மெஷினில் ஏற்றி முதல் ஷொட் அடிக்கும்போது அவன் பக்கத்தில் இருப்பானா? மூன்றாவதற்கு “ஆம்” என்று சொல்லும் இடத்தில், உதவித்தொகை சற்றுக் குறைவாக இருந்தாலும், சேர்த்துவிடுங்கள்.