அருட்பா பாடினோம், ஆல்பம் யாருடையது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த நான்கு நண்பர்கள் நாங்கள். வள்ளலாரின் திருவருட்பாவிலிருந்து ஐந்து பாடல்களுக்கு எங்களில் ஒருவர் புதிதாக மெட்டமைத்தார். ஆறாவது பாடலின் வரிகளை இன்னொருவர் எழுதினார். புதுச்சேரி ஸ்டூடியோ ஒன்றில் ஒலிப்பதிவு முடிந்துவிட்டது. செலவை நால்வரும் சமமாகப் போட்டோம். ஸ்டூடியோ உரிமையாளரே கீபோர்டும் வாசித்தார். தைப்பூசத்துக்கு முன் எல்லா இசைச் செயலிகளிலும் பாடல்கள் வர வேண்டும். அப்படி விநியோகித்துத் தர ஒரு நிறுவனம் 15,000 ரூபாய் கேட்கிறது. ஒரு லட்சம் முறை கேட்கப்படும் என்று உறுதியும் தருகிறது. ஒப்பந்த நகலையும், இணையத்திலிருந்து எடுத்த வடலூர் சத்திய ஞான சபைப் படத்தை வைத்துச் செய்த அட்டைப்படத்தையும் இணைத்துள்ளோம். கையெழுத்திடலாமா? அல்லது நாங்களே லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) தொடங்க வேண்டுமா?

பதில்: கையெழுத்திடாதீர்கள். நீங்கள் அனுப்பிய நகலின் மூன்றாம் பக்கத்தில், கட்டண விவரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒலிப்பதிவின் மீதான எல்லா உரிமைகளும் உலகம் முழுமைக்கும் நிரந்தரமாக நிறுவனத்துக்கு மாற்றித் தரப்படுகின்றன என்கிறது அது. இதற்குப் பெயர் விநியோகம் அல்ல, கிரயப் பத்திரம். வீட்டை விற்கிறவர் பணம் வாங்குவார். நீங்களோ 15,000 ரூபாயும் கொடுத்து வீட்டையும் எழுதிக்கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

விநியோக நிறுவனம் செய்வது ஒரே வேலைதான். உங்கள் கோப்புகளையும் விவரங்களையும் ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் போன்றவற்றுக்கு அனுப்பி, வரும் பணத்தை உங்களிடம் சேர்ப்பது. அதற்கு உங்கள் உரிமை தேவையில்லை; அனுமதி போதும். வேண்டாம் என்றால் முன்னறிவிப்புக் கொடுத்து விலகும் வழி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பும் கிடைத்துவிடக் கூடாது என்றுதான் 'உலகம் முழுமைக்கும்', 'நிரந்தரமாக' என்று மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள்.

ஒரு லட்சம் முறை என்ற உறுதிமொழி அதைவிட ஆபத்தானது. கேட்பவர்களை யாரும் உத்தரவாதத்தோடு கொண்டுவர முடியாது. இயந்திரங்களைத்தான் கொண்டுவர முடியும். பொய்யான கேட்பு கண்டுபிடிக்கப்பட்டால் செயலிகள் அதற்குரிய பணத்தைப் பிடித்துவிடும், பாடலையே நீக்கிவிடும். அபராதம் விநியோகஸ்தர் வழியாக உங்கள் கணக்கில் வந்து விழும்.

இனி, உங்கள் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். மனை ஒருவர் பெயரிலும் வீடு இன்னொருவர் பெயரிலும் இருப்பது நம் ஊரில் புதிதல்ல. பாட்டும் அப்படித்தான். வரிகளும் மெட்டும் மனை. அதன்மேல் எழுப்பிய ஒலிப்பதிவு வீடு. இரண்டுக்கும் சட்டத்தில் தனித்தனி உரிமை. வள்ளலார் சித்தியடைந்தது 1874-இல். எழுதியவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் என்ற கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது, ஆகவே அருட்பா வரிகள் ஊருக்கே பொது. (1867-இல் வடலூரில் மூட்டிய அடுப்பை அணையவிடாமல் வைத்தவர், பாட்டுக்கு மட்டும் வேலி போட்டிருப்பாரா என்ன?) ஆனால் மெட்டு உங்கள் நண்பருடையது; ஆறாவது பாடலின் வரிகள் எழுதியவருடையவை. இருவரும் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிவுசெய்வது நல்லது. மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிய ராயல்டி அந்த வழியில் வருவது, விநியோகஸ்தர் தருவது ஒலிப்பதிவுக்கானது. பலரும் முதலாவதை வாங்காமலே இருந்துவிடுகிறார்கள்.

ஒலிப்பதிவின் உரிமை, அதை உருவாக்க முன்வந்து பொறுப்பேற்றவருக்கு. செலவு செய்து நடத்தியது நீங்கள் நால்வர், ஆகவே நால்வருடையது. ஸ்டூடியோ உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டதால் அவருக்கு வீட்டில் பங்கில்லை. ஆனால் கீபோர்டு வாசித்தவர் என்ற வகையில் அவருக்குக் கலைஞர் உரிமை உண்டு. வாசித்ததற்கு இவ்வளவு பெற்றுக்கொண்டேன், வெளியிடச் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், பெயரையும் கலைஞர் விவரத்தில் சேருங்கள். அதே நாளில் நீங்கள் நால்வரும் ஆளுக்கு எவ்வளவு சதவீதம் என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். இப்போது உட்கார்ந்தால் தேநீர்க் கடையில் அரை மணி நேரத்தில் முடியும். ஒருவருக்குத் திருமணமாகி, இன்னொருவர் வெளிநாடு போன பிறகு முடியாது.

லேபிள் தொடங்க வேண்டியதில்லை. விநியோகஸ்தரின் படிவத்தில் லேபிள் பெயர் என்பது ஒரு கட்டம். உங்கள் குழுவின் பெயரையே போடலாம். உண்மையில் கவனம் வேண்டியது அதற்குக் கீழே, வட்டத்துக்குள் 'பி', வட்டத்துக்குள் 'சி' என்று வரும் இரண்டு வரிகளில். 'பி' ஒலிப்பதிவின் உரிமையாளரைச் சொல்வது, 'சி' அட்டைப்படம் முதலியவற்றின் உரிமையாளரை. அங்கே வேறு யாருடைய பெயரும் வரக் கூடாது. பாடலாசிரியர் கட்டத்தில் ஐந்து பாடல்களுக்கு இராமலிங்க அடிகள், ஆறாவதற்கு அதை எழுதிய நண்பர்; இசையமைப்பாளர் கட்டத்தில் மெட்டமைத்த நண்பர். ஆங்கிலத்தில் அருட்பாவையும் வள்ளலாரையும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஆறு பாடல்களிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்கட்டும். குழுவின் பெயரில் ஏற்கெனவே வேறொருவர் இருக்கிறாரா என்றும் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் பக்திப் பாடல் யாரோ ஒரு ராப் பாடகரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு பாடலுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் இலக்கமும் கலந்து 12 இடங்கள் கொண்ட அடையாள எண் கிடைக்கும். அதைக் குறித்து வையுங்கள். நாளை விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை பாடலோடு தொடர வாய்ப்புண்டு.

உங்கள் ஒலிப்பதிவு பிறர் காணொளியில் வந்தால் தானாகக் கண்டுபிடித்து உரிமைகோரும் யூடியூபின் கன்டென்ட் ஐடி வசதியை விநியோகஸ்தர் கூடுதலாகக் காட்டுவார். யோசித்துத் தேர்ந்தெடுங்கள். நான் ஒருமுறை, விலைக்கு வாங்கிய தபலா லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஆயத்த இசைத் துண்டு) கலந்த பாடலுக்கு அதை இயக்கிவிட்டேன். அதே லூப்பை வாங்கியிருந்த ஒரு பள்ளி ஆண்டு விழாக் காணொளிமீது என் பெயரில் உரிமைகோரல் போய்விட்டது. தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றேன். உங்கள் பதிவில் தம்புரா முதல் தாளம் வரை எல்லாம் நேரில் வாசித்தவைதானா, மென்பொருள் லூப்பா என்று ஸ்டூடியோவில் கேளுங்கள். லூப் கலந்த பாடலுக்குக் கன்டென்ட் ஐடி வேண்டாம்.

எந்த விநியோகஸ்தர்? டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்றவை ஆண்டுச் சந்தா வாங்குபவை. சந்தாவை நிறுத்தினால் பாடல்கள் இறங்கிவிடக்கூடும். சிடி பேபி போன்றவை ஒருமுறை கட்டணம் வாங்கி, வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்பவை. ஆண்டுக்கு ஒரு ஆல்பம் போடுபவர்களுக்கு இரண்டாம் வகைதான் நிம்மதி என்பது என் கட்சி. அருட்பா கேட்பவர்களில் வயதானவர்கள் அதிகம் என்பதால், காலர் டியூனும் உண்டா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஸ்பாட்டிஃபையைத் திறக்கமாட்டார், ஆனால் உங்கள் பாடலைத் தன் கைப்பேசியில் அழைப்பவர்களுக்கெல்லாம் கேட்கவைப்பார்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு முறை கேட்டால் இத்தனை பைசா என்று நிலையான விலை கிடையாது. மொத்த வருவாயில் விகிதப் பங்குதான். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் கணக்கிலேயே வரும். அமெரிக்க விநியோகஸ்தர் என்றால் அமெரிக்கர் அல்ல என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் வரிப் படிவத்தை நிரப்புங்கள். அமெரிக்காவில் கேட்டவர்கள் மூலம் வரும் ராயல்டிக்கு 30 சதவீத வரி, இந்தியாவோடு உள்ள ஒப்பந்தப்படி 15 ஆகக் குறையும்.

தைப்பூசத்தன்று வெளியிடாதீர்கள். அன்று எல்லோரும் வடலூரில் ஜோதி தரிசன வரிசையில் நிற்பார்கள். பாடலைத் தேடுவது அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு பாடலைத்தான் அவர்களுடைய பாடல் தொகுப்புகளில் சேர்க்கும்படி பரிந்துரைக்கு அனுப்ப முடியும், அதையும் வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பாக. ஆகவே ஒரு பாடலை மார்கழியிலேயே தனியாக வெளியிட்டுவிட்டு, அதே ஐஎஸ்ஆர்சி எண்ணோடு ஆல்பத்தில் சேருங்கள். கோப்புகளை நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். எம்பி3 வேண்டாம், ஸ்டூடியோவிலிருந்து வேவ் கோப்பாக வாங்குங்கள்.

அட்டைப்படத்தையும் பார்த்தேன். 3,000-க்கு 3,000 பிக்சல் சதுரமாக மாற்ற வேண்டும். சத்திய ஞான சபையின் படத்தை இணையத்திலிருந்து எடுத்ததாகச் சொன்னீர்கள், அதற்கும் எடுத்தவர் ஒருவர் இருப்பார். உங்கள் ஊரிலிருந்து வடலூர் எவ்வளவு தூரம்? பஸ் ஏறிப்போய் நீங்களே ஒரு படம் எடுத்து வாருங்கள். கீழே 'கச்சேரிகளுக்கு அணுகவும்' என்று போட்டிருக்கும் கைப்பேசி எண்ணையும் நீக்கிவிடுங்கள். அந்த எண் இருந்தால் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.